பட்டியலில் இல்லாத தெரு

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் அதிகம் அடிபட்டன. சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பிகளில் நிறையப் பேருக்கு இவைதான் சொந்த மாவட்டங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளில் வழக்கம்போல வரிசை நின்றது. ஆனால் அனுப்பிய பணத்தை எடுக்க ஊரில் ஏடிஎம் ஓடவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கைபேசிக் கோபுரங்களும் நின்றுபோனதால், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூடக் கேட்டறிய முடியாமல் பல தம்பிகள் வேலைக்குப் போய்வந்தார்கள்.

நானும் சில நண்பர்களும் அந்த வாரம் தொடங்கிய வேலையில் கற்றதை, இனி இப்படி ஒரு வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். என் கணவருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். எங்கள் குழுவுக்குப் பெயர்கூடக் கிடையாது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: உதவி வந்தது, மனதாரவே வந்தது, ஆனால் ஏற்கெனவே யார் கண்ணுக்குத் தெரிகிறார்களோ அவர்களிடமே வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. அதே சாலையிலிருந்து உள்ளே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர்களில் மரங்கள் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. பாதை திறந்த பிறகும் வண்டி பெரிய தெருவில் நின்றுவிடும். வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனித் தெருவுக்குச் செய்தி போய், அங்கிருந்து ஆள் ஓடி வருவதற்குள் பொருள் தீர்ந்துவிடும். சாலையோரத்து வீடுகளில் பிஸ்கட்டும் பாயும் மிஞ்சிக் கிடக்க, உள்ளே குடிசையின் கூரையே பறந்துபோன குடும்பம் ஒரு தார்ப்பாய்க்காகக் காத்திருந்தது.

இது கஜாவில் புதிதாக நடந்ததும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலோரத்தில் படகும் வலையும் வைத்திருந்தவர்களைச் சுற்றியே நிவாரணம் திட்டமிடப்பட்டது. உப்பு ஏறிப்போன வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள், மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்கள், இருளர் குடும்பங்கள், தலித் குடியிருப்புகள் என்று பலர் முதல் பட்டியல்களில் வரவே இல்லை. அப்போது அங்கே வேலை செய்த சமூக அமைப்புகள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. எங்களுக்குக் கைகொடுத்த நாகைப் பக்கத்துப் பெண்கள் அமைப்பின் அக்கா ஒருவர் முதல் தொலைபேசி உரையாடலிலேயே சொன்னார்: “பணத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். உங்க லிஸ்ட்டு எங்கேருந்து வந்துச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல.”

எங்கள் பட்டியல் சிங்கப்பூரிலிருந்தே வந்தது. எங்களிடம் இருந்த ஒரே பலம் அதுதான். துவாஸ், கிராஞ்சி, பெஞ்சூரு விடுதிகளில் இருந்த தம்பிகள் ஆளுக்கொரு ஊரைச் சேர்ந்தவர்கள். ஊரில் கோபுரம் வேலை செய்யத் தொடங்கியதும் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் பேசியபோது, நாங்கள் கொடுத்த சில கேள்விகளையும் கேட்டார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் தெருப் பெயரையும் கேட்கச் சொன்னோம். உங்கள் தெருவுக்கு வண்டி வந்ததா? பக்கத்தில் எந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை? அங்கே யாரிடம் பேசலாம்? பைப்பில் தண்ணீர் வருகிறதா? வீட்டில் ஆண் துணை இல்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள் யார்?

இரண்டாவது கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது. தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவைப் பற்றிக் கேட்டால்தான் யோசிப்பார்கள். மேலத்தெருத் தம்பி ஒருவர் காலனித் தெருவில் யாருடைய எண்ணும் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே ஊர்க் காலனிப் பையன் ஒருவன் ஜூரோங்கில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, இரண்டு விடுதி தாண்டி அவனைத் தேடிப் பிடித்தார். ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடித்திராத இருவர் இங்கே ஒரே தாளைப் பார்த்துப் பேசினார்கள். அந்த ஊரின் பட்டியல் மற்ற ஊர்களுடையதைவிடச் சரியாக இருந்தது.

பட்டியல் வந்தபின் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதை அந்த அக்கா சொல்லிக் கொடுத்தார். அவர்கள் ஆட்கள் பட்டியலை ரேஷன் கடை வாசலிலும் காலனித் தெருவிலும் சத்தமாக வாசிப்பார்கள். வாசித்த உடனே திருத்தம் வந்துவிடும். “அந்த வீட்ல மகன் வாத்தியாரா இருக்கான், அவங்களுக்கு எதுக்கு?” “குளத்தங்கரையில கிழவி ஒண்ணு தனியா இருக்கே, அத விட்டுட்டியே!” அதிகாரி எவரும் ஒரு மாதம் அலைந்து கண்டுபிடிக்க முடியாததை ஊர் ஒரு மாலையில் சொல்லிவிடும். இரண்டு இடத்தில் வாசிப்பது முக்கியம். பெரிய தெருவில் மட்டும் வாசித்தால் காலனியிலிருந்து வருபவர்கள் பேசாமல் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது அதற்குப் பிறகுதான். தென்னைதான் காரணம்.

பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு அரசு அறிவித்தது 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். எண்பது மரம் இழந்தவருக்கு 88,000 ரூபாய் வரும். அது வங்கிக் கடனுக்கும் பெண்ணின் படிப்புக்கும் காணாது. ஆகவே தென்னை விவசாயியின் இழப்பு சின்ன இழப்பு என்று யாரும் சொல்ல முடியாது. தோப்பில் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்து வாழ்க்கையே போனது என்று உயிரை விட்டவர்களும் உண்டு.

எங்கள் குழுவில் பாதிப் பேர் தென்னங்கன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள். புகைப்படம் எடுக்க நன்றாக இருக்கும், கொடுத்தவர்களுக்கும் மனநிறைவு. ஆனால் கன்று நட நிலம் வேண்டும். பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அடுத்தவர் தோப்பில் மரம் ஏறிக் காய் பறிப்பவர், அம்மா கயிறு திரிப்பவர். “அக்கா, மரம் வச்சிருந்தவங்களுக்கு மரம் போச்சு. எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. மரத்துக்குக் கணக்கு இருக்கு, வேலைக்கு யாருக்கா கணக்கு எடுக்குறா?” என்றார். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மரம் ஏறுபவர், காய் உரிப்பவர், மட்டை சுமப்பவர், கீற்று முடைபவர், கயிறு திரிப்பவர், வண்டி ஓட்டுபவர் என்று ஒரு தோப்பை நம்பி இத்தனை பேர் இருக்கிறார்கள். இவர்களிடம் சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான காகிதம் எதுவும் இல்லை. குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள் பாடும் இதேதான். வாய்மொழிக் குத்தகைக்கு ஏது சான்று? புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பட்டா இல்லாததால், நிரந்தர வீடு என்று வரும்போது கதவு அடைத்துவிடும். வேதாரண்யத்தில் உப்பளங்கள் சேற்றில் மூடிப்போன பிறகு அங்கே கூலிக்குப் போனவர்களுக்கும் இதே நிலைமைதான்.

எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு 88,000 வரும் வழி இருக்கிறது, இன்னொருவருக்கு ஒன்றுமே வரும் வழி இல்லை என்கிற இடத்தில் இருவருக்கும் இரண்டாயிரம் கொடுப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் எங்கள் சிறிய தொகை அரசின் எந்தக் கணக்கிலும் வராதவர்களுக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். நிலம் உள்ளவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. இழப்பீட்டு மனு எழுத, கிராம நிர்வாக அலுவலரிடம் போக, வங்கியில் கடன் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க, அந்தப் பெண்கள் அமைப்பு ஓர் ஆளை வைத்தது. அதற்கான சம்பளத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். காகித வேலைக்கு ஓர் ஆள் வைப்பது நன்கொடையாளர்களுக்கு உவப்பானதாக இருக்காது. ஆனால் நாங்கள் செலவழித்த பணத்தில் மிக அதிகமாகப் பலன் கொடுத்தது அதுதான்.

மீதித் தொகையில் பெரும் பகுதி கூலியாகப் போனது. ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் மரங்கள் விழுந்து அழுகிக் கொண்டிருந்தன. அவற்றை வெட்டி அகற்றி, கரையைச் சீராக்கும் வேலையை அந்தந்த ஊர்க் கூலிக்காரர்களுக்கே கொடுத்தோம். வெளியூரிலிருந்து இயந்திரம் கொண்டு வந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், கூலியும் வெளியூருக்கே போயிருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சொன்னபோது சில ஊர்களில் ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மரம் அறுப்பது கனமான வேலை, சுமப்பது இலேசான வேலை என்பது அவர்கள் வாதம். நாகை அக்கா அதற்கு வழி கண்டார்: யார் வேண்டுமானாலும் எந்த வேலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கூலி ஒன்றுதான். ஒரு நாள் சுமந்து பார்த்தவர்கள் மறுநாள் அறுக்கப் போய்விட்டார்கள், பேச்சும் நின்றது.

சரி, பணத்தை எப்படி அனுப்புவது? இங்கேதான் நல்ல மனசு உள்ள பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டுமானால் அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் உதவி போன்றவற்றுக்கு அதைத் தளர்த்தும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. முகநூலில் வங்கி எண்ணைப் போட்டுவிட்டு அப்புறம் விதியைப் படிக்கக் கூடாது. நாங்கள் பொதுவில் கேட்கவில்லை, எங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்கினோம். பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஓர் அமைப்போடு சேர்ந்துகொள்வது நல்லது.

அந்தப் பக்கத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்த அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்புகள்தான் வெளிநாட்டினரிடம் பணம் பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடிமக்கள் கொடுப்பது கருதப்படும். ஆகவே இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வைத்தோம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு பதிவுபெற்ற அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. முதலில் அது டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். ஊரில் உள்ள சின்னச் சின்ன மன்றங்களுக்கு இது பெரிய அடி. உதவி அனுப்ப நினைப்பவர்கள் ஊரில் வேலை செய்யும் அமைப்புக்கே பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் அனுப்புவது பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கிலோ கணக்கில் கார்கோவுக்குக் கொடுக்கும் வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) ஊரிலேயே இரண்டு மடங்கு வாங்கிவிடலாம், ஊர்க் கடைக்காரரும் எழுந்து நிற்பார். அன்றைக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை தார்ப்பாய், கொசுவலை, மாதவிடாய் அணையாடை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர். பழைய துணியை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்குள் செய்திகள் நின்றுவிட்டன, நன்கொடையும் நின்றுவிட்டது. ஊரில் அப்போதுதான் குழுக் கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கியிருந்தது. வாராவாரம் தவணை கட்ட வேண்டிய பெண்கள் வேலை இல்லாத வாரங்களில் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். தவணை வசூலிக்க வருபவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வதாகத் தம்பிகளின் மனைவிமார் அழுதார்கள். முதலிலேயே எல்லாவற்றையும் செலவழித்திருந்தால் எங்களால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது. கணக்குப் பார்ப்பவள் என்பதால் முதல் நாளே பாதித் தொகையைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன், அதற்காகத் திட்டும் வாங்கினேன். அந்தப் பாதிதான் தென்னை நாரும் உப்பும் மீண்டும் கூலி கொடுக்கத் தொடங்கும்வரை பல வீடுகளைத் தாங்கியது. பணம் பெண்களின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போனது. கணக்கு முடங்கிக் கிடந்தால் அதை உயிர்ப்பிக்க வங்கிக்குக் கூடப் போய்வர ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நல்ல எண்ணம் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

இங்கே விடுதியில் இருந்த தம்பிகளிடம் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். நாளுக்கு 18 வெள்ளி அடிப்படைச் சம்பளம், வந்து சேர ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், அதன் மேல் ஊரில் இடிந்த வீடு. அவர்களிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் ஐந்து வெள்ளியும் பத்து வெள்ளியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாக இருந்தது, வாங்கிக்கொண்டோம். ஆயிரம் வெள்ளி கொடுத்தவருக்குப் போன அதே கணக்கு விவரம் ஐந்து வெள்ளி கொடுத்த தம்பியின் கைபேசிக்கும் போனது. தென்னங்கன்றா கூலியா என்கிற கேள்வியில் அவர்களுக்கும் ஒரு குரல் இருந்ததால்தான் நாங்கள் சரியான பக்கம் திரும்பினோம்.

2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் எல்லாம் திசை மாறியது. ஏப்ரல் 5ஆம் தேதி புங்கோலிலும் தோகுவானிலும் இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. இப்போது மன்னார்குடியிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் எங்களுக்கு அழைப்பு வந்தது: “என் புருஷன் எந்த ரூம்ல இருக்காரு, சாப்பாடு வருதா, கேட்டுச் சொல்லுங்கம்மா.” கஜாவுக்காக எடுத்த எண்கள் எல்லாம் கையில் இருந்தன. பழைய கேள்வித்தாளையே எடுத்து, தெரு என்ற இடத்தில் விடுதி என்று போட்டுக் கேட்கத் தொடங்கினோம்.

அதே பழைய கதை இங்கேயும் தெரிந்தது. சுமார் 2 லட்சம் பேர் 43 பெரிய விடுதிகளில் இருந்தார்கள். அவற்றின் பெயர் செய்தியில் வந்தது, உணவும் முகக்கவசமும் சிம் அட்டையும் அங்கே குவிந்தன. ஏறக்குறைய 95,000 பேர் 1,200 தொழிற்சாலை விடுதிகளில் சிதறிக் கிடந்தார்கள். கட்டுமானத் தளத்துக் கொட்டகைகளில் தங்கியவர்கள் வேறு. சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையின் மாடியில் அடைபட்டிருந்தவர்களைப் பற்றி அடுத்த கட்டடத்துத் தம்பிதான் சொன்னார். “உங்க பக்கத்து விடுதியில யாருக்கு வரல?” என்கிற கேள்விக்குக் கிடைத்த பதில் அது. அவர்கள் கேட்டது உணவைக்கூட இல்லை. வீட்டுக்குப் பேச டேட்டாவும், பரிசோதனை முடிவைத் தமிழில் சொல்ல ஓர் ஆளும். தொலைபேசியில் தமிழில் சொல்லும் வேலையை எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அரசு அறிவித்தபோது எங்களில் யாருக்கும் அது வியப்பாக இல்லை. ஒரே அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டிருந்தோம். 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. வந்த வரைக்கும் நல்லது, பழைய விடுதிகளும் அந்த அளவுக்கு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வித்தாளை இன்னும் வைத்திருக்கிறோம். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தாளில் உள்ள எல்லா எண்களையும் அழைத்துப் பார்ப்போம். ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் எண்ணை ஊர்த் தொடர்பாக மாற்றுவோம், புதிதாக வந்த தம்பிகளைச் சேர்ப்போம், எந்த ஊரின் எந்தத் தெருவுக்கு எண் இல்லையோ அதைச் சிவப்பில் குறித்துவைத்து, அந்தத் தெருக்காரர் யாராவது இங்கே வேலைக்கு வந்திருக்கிறாரா என்று விடுதிகளில் விசாரிக்கச் சொல்வோம். நாகை அமைப்பின் பதிவு புதுப்பிக்கப்பட்டுவிட்டதா என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்வோம்.